புகைப்பந்தும் அரசு முத்திரையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். சென்ற வாரம் ஒப்பந்தச் சட்ட வகுப்பில் கார்லில் வழக்கு நடந்தது. 'எங்கள் கார்பாலிக் புகைப்பந்தை முறைப்படி உபயோகித்த பிறகும் இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்ட் தருகிறோம்' என்று லண்டனில் ஒரு கம்பெனி விளம்பரம் கொடுத்தது. கார்லில் என்ற பெண்மணி நம்பி வாங்கினார். அவருக்கும் காய்ச்சல் வந்தது. கம்பெனி பணம் தர மறுக்க, வழக்குப் போட்டு ஜெயித்தார். ரப்பர் பந்தை மூக்கில் வைத்து அமுக்கினால் காய்ச்சல் வராது என்று ஒரு படித்த பெண் நம்பினாரா என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. ரயில், தந்தி எல்லாம் வந்துவிட்ட காலத்தில் விக்டோரியா காலத்து மக்கள் அவ்வளவு ஏமாளிகளாகவா இருந்தார்கள்? இந்தத் தீர்ப்புக்குப் பிறகாவது அப்படிப்பட்ட விளம்பரங்கள் நின்றனவா?

ஒரு மாணவி, திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். நிற்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்வியைத்தான் நிதானமாகப் பேச வேண்டும். கார்லில் அம்மையாரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவர் இருந்த இடத்தில் நின்று பாருங்கள். 1889-ன் கடைசியில் ரஷ்யாவிலிருந்து கிளம்பிய இன்ஃப்ளூயன்ஸா, அலை அலையாக ஐரோப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. 'பால் மால் கெஜட்' பத்திரிகையில் புகைப்பந்து விளம்பரம் வந்தது 1891 நவம்பர் 13-ம் தேதி. நவம்பர் 20-ம் தேதி கார்லில் 10 ஷில்லிங் கொடுத்து ஒரு பந்து வாங்கினார். அன்றைய விவசாயக் கூலி ஒருவரின் வாரச் சம்பளத்தை நெருங்கும் தொகை அது. தினம் மூன்று வேளை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், விடாமல் உபயோகித்தார். 1892 ஜனவரி 14-ம் தேதி விக்டோரியா மகாராணியின் பேரன், அரியணைக்கு இரண்டாவது வரிசையில் இருந்த இளவரசர் ஆல்பர்ட் விக்டர், அதே இன்ஃப்ளூயன்ஸாவில் விழுந்து நிமோனியா கண்டு இறந்தார். வயது 28. அரண்மனை வைத்தியர்களாலேயே அவரைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாம் நாள், ஜனவரி 17-ம் தேதி, கார்லிலுக்குக் காய்ச்சல் வந்தது.

பந்துக்குள் இருந்தது கார்பாலிக் அமிலம் கலந்த பொடி. குழாயை மூக்குத் துவாரத்தில் வைத்துப் பந்தை அமுக்கினால், பொடி புகைபோல் உள்ளே போகும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் கார்பாலிக் அமிலத்துக்கு அன்று இருந்த மதிப்பு சாதாரணமானதல்ல. ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கிளாஸ்கோவில் காயங்களுக்கு கார்பாலிக் அமிலம் போட்டு, புண் அழுகிச் சாவதைத் தடுத்துக் காட்டி 1867-ல் அதை வெளியிட்டார். அறுவை சிகிச்சை அறைக் காற்றிலேயே அதைத் தெளித்தார்கள். நம்மூர் வீடுகளில்கூட கார்பாலிக் சோப்பு வெகுகாலம் இருந்தது. கிருமி நோயை உண்டாக்குகிறது, கார்பாலிக் கிருமியைக் கொல்கிறது, மூக்கு வழியாக வரும் நோயை மூக்கிலேயே நிறுத்தலாம் என்று ஒருவர் நினைத்தால் அதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது? இன்ஃப்ளூயன்ஸாவுக்குக் காரணம் எது என்று மருத்துவ உலகத்துக்கே தெரியாத நேரம் அது. 1892-ல் பெர்லினில் ஃபைஃபர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பாக்டீரியாவைக் காட்டி இதுதான் என்றார். அதுவும் தவறு. மனித இன்ஃப்ளூயன்ஸா வைரஸைப் பிரித்தெடுக்க 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் விளம்பரத்தின் அந்த இன்னொரு வரி. 'எங்கள் நேர்மைக்கு அடையாளமாக, ரீஜண்ட் தெரு அலையன்ஸ் பேங்கில் 1000 பவுண்ட் போட்டு வைத்திருக்கிறோம்.' உங்கள் வகுப்பில் இந்த வரி கட்டாயம் வந்திருக்கும். 'அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் அதை நம்பமாட்டார்கள்' என்று கம்பெனி வாதாடியபோது, நீதிபதிகள் சுட்டிக்காட்டியது இதைத்தான். பேங்கில் பணம் போட்டிருப்பதாக எழுதுபவன் விளையாட்டாக எழுதவில்லை என்றார்கள். அப்படியானால் கார்லிலும் சரியாகத்தானே படித்தார்? பேங்க், பெரிய பத்திரிகை, லிஸ்டரின் அமிலம் என்று மூன்று ஜாமீன் இருந்த பொருளை வாங்கியிருக்கிறார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 1892 டிசம்பரில் அவரைப் போலவேதான் அந்த விளம்பரத்தைப் படித்தார்கள். வகுப்பில் அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

விக்டோரியா காலத்து மருந்து வியாபாரம் முழுக்க இப்படிப்பட்ட ஜாமீன்களின் மேல்தான் நின்றது என்பது என் எண்ணம். இந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மக்களின் அறியாமையைப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜாமீன் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் ஜாமீன்தாரர் அரசாங்கம். 1783-லேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பேட்டண்ட் (காப்புரிமை) மருந்துகள் என்று அழைக்கப்பட்ட ரகசியச் செய்முறை மருந்துகளுக்கு முத்திரை வரி போட்டது. (இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் காப்புரிமையே கிடையாது. காப்புரிமை வாங்கினால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். ரகசியம்தான் இவர்களுடைய முதலீடு.) ஒரு ஷில்லிங் (12 பென்னி) வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரை பென்னி வரி. பல மருந்துகள் ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி என்ற விநோத விலைக்கு விற்றது அதனால்தான். வரி கட்டிய அடையாளமாக அரசின் முத்திரைச் சீட்டைப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். அதைக் கிழித்தால்தான் பெட்டி திறக்கும். கூடுதல் கட்டணம் கொடுத்தால் அந்த அரசு முத்திரையிலேயே கம்பெனியின் பெயரைப் பொறித்துத் தரும் வசதியும் இருந்தது. 'அரசு முத்திரையில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாதது போலி' என்று கம்பெனிகள் அதையே விளம்பரமாக்கின. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு மில் தொழிலாளி கடையில் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தால் என்ன நினைப்பார்? சர்க்கார் பார்த்து அனுமதித்த மருந்து என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். முத்திரை அரசின் உத்தரவாதம் ஆகாது என்ற வரியை அதே முத்திரையில் பின்னாளில் சேர்க்க வேண்டி வந்தது. வரி வசூல் மட்டும் தொடர்ந்தது.

இரண்டாவது ஜாமீன்தாரர் பத்திரிகைகள். தாமஸ் ஹாலோவே என்பவர் 1837-ல் களிம்பும் மாத்திரையும் விற்கத் தொடங்கினார். 1842-ல் விளம்பரத்துக்கு 5,000 பவுண்ட் செலவழித்த அவர், கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு 50,000 பவுண்ட் வரை செலவழித்தார். அந்தப் பணம் யாருக்குப் போயிற்று என்று யோசியுங்கள். தனக்குச் சோறு போடுகிற விளம்பரத்தை எந்தப் பத்திரிகை ஆராயும்? ஹாலோவே சேர்த்த சொத்தில் பெண்களுக்காக ஒரு பெரிய கல்லூரி கட்டினார். 1886-ல் மகாராணியே வந்து திறந்து வைத்தார். கல்லூரி நல்ல காரியம்தான். ஆனால் மாத்திரை வாங்கியவர்களின் காசு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்துகள் ஏதோ ஒரு வேலை செய்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. 'ஒரு பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்' என்று விளம்பரம் செய்த பீச்சம் மாத்திரையை பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பகுப்பாய்வு செய்து 1909-ல் முடிவை ஒரு புத்தகத்தில் வெளியிட்டது. கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுக்கும் கரியபோளம், சுக்கு, சோப்பு. அவ்வளவுதான். 56 மாத்திரைக்கான சரக்கின் விலை சுமார் அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலையோ பதின்மூன்றரை பென்னி. ஆனால் கரியபோளம் பேதி மருந்து. ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று மலச்சிக்கலோடு உட்கார்ந்து வேலை செய்தவருக்கு அது கட்டாயம் கேட்டிருக்கும். வயிறு லேசானால் தலைவலியும் மந்தமும் குறைந்ததாகத் தோன்றும். உடம்பு சாட்சி சொன்ன பிறகு, அதே பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற வியாதிகளையும் அது தீர்க்கும் என்று நம்புவதற்குப் பெரிய தாவல் ஒன்றும் தேவையில்லை. சர்வரோக நிவாரணிகள் எல்லாமே இப்படித்தான் வேர்விடுகின்றன. இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த காலிஸ் பிரவுன் காலராவுக்கென்று தயாரித்த குளோரோடைனும் அப்படியே. அதில் அபின் சரக்கு, கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் இருந்தன. அபின் வயிற்றுப்போக்கைக் கட்டும், வலியையும் மறக்கடிக்கும். குடித்தவர் நன்றியோடுதான் அடுத்த பாட்டிலை வாங்கினார். அப்படியே பழக்கத்துக்கு அடிமையானவர்களும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவர்கள் தாங்களே வாங்கிக் குடித்தது. குழந்தைகளின் கதையை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. காட்ஃப்ரே கார்டியல் என்று ஒரு திரவம். வெல்லப்பாகும் வாசனைச் சரக்கும் அபினும் கலந்தது. மான்செஸ்டர், நாட்டிங்ஹாம் மாதிரி ஆலை ஊர்களில் தாய் வேலைக்குப் போக, பச்சைக் குழந்தையை ஒரு கிழவியிடமோ பக்கத்து வீட்டுச் சிறுமியிடமோ விட்டுப் போவாள். குழந்தை அழுதால் ஒரு கரண்டி காட்ஃப்ரே. தூங்கிவிடும். கடைக்குக் கடை அபினின் அளவு மாறும். பாட்டிலின் அடியில் அபின் படிந்துவிடுவதால் முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒன்றல்ல. அதிகமானால் மூச்சு நின்று சாவு. அதைவிட மோசமானது மெதுவான சாவு. மயங்கிக் கிடக்கும் குழந்தை பசிக்கு அழாது. அழாத குழந்தைக்குப் பால் கொடுக்க யாருக்கும் தோன்றாது. நாளுக்கு நாள் வற்றி, எலும்பும் தோலுமாகி, ஒருநாள் போய்விடும். பதிவேட்டில் 'பலவீனம்' என்றோ 'தாய்ப்பால் குறைவு' என்றோ எழுதுவார்கள். அபின் என்ற பெயரே வராது.

1868-ல் மருந்தக சட்டம் வந்து அபினை நஞ்சுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பேட்டண்ட் மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தது. கடையில் சில்லறையாக அபின் வாங்கினால் 'நஞ்சு' என்று சீட்டு ஒட்ட வேண்டும். அதே அபின் முத்திரை ஒட்டிய பாட்டிலில் வந்தால் தேவையில்லை. குளோரோடைன் மாதிரி மருந்துகளுக்கு அந்த விலக்கு செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்ல 1890-கள் ஆயிற்று. சட்டம் படிக்கிற நீங்கள் ஒரு விதிவிலக்கு என்ன செய்யும் என்பதை இங்கே பார்க்கலாம். அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் அந்த விலக்கை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. கார்லிலின் கணவர் வக்கீல். 100 பவுண்ட் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குக் கம்பெனி முதலில் பதிலே போடவில்லை. கடைசியில் கையெழுத்தில்லாத ஒரு பதில் வந்தது. மோசடிக் கோரிக்கைகளைத் தவிர்ப்பதற்காக, கேட்பவர் தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து செயலாளர் முன்னிலையில் பந்தை உபயோகிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது! வழக்கில் தோற்ற பிறகும் அவர்கள் அடங்கவில்லை. 1893 பிப்ரவரியில் புது விளம்பரம் கொடுத்தார்கள். பந்துகள் ஆயிரக்கணக்கில் விற்றும் 100 பவுண்ட் கேட்டு வந்தவர்கள் மூன்றே பேர், ஆகவே மருந்தின் குணம் ஐயமற நிரூபணமாகிவிட்டது என்றார்கள். பரிசையும் 200 பவுண்டாக உயர்த்தினார்கள், இந்த முறை நிபந்தனைகளோடு. நீதிமன்றம் தீர்த்தது வாக்குறுதியைப் பற்றிய கேள்வியை. பந்து காய்ச்சலைத் தடுக்குமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

மருத்துவச் சங்கத்தின் 1909 புத்தகத்துக்கு விளம்பரம் போடப் பல பத்திரிகைகள் மறுத்தன. அந்தப் புத்தகம் கிளப்பிய பேச்சால் பாராளுமன்றம் 1912-ல் ஒரு குழுவை அமைத்தது. எந்தக் கலவையையும் எந்த நோய்க்கும் மருந்தென்று சொல்லி, இல்லாத டாக்டரின் கையெழுத்தோடு, சிறிய முத்திரை வரியைக் கட்டிவிட்டு என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம், தடுக்கச் சட்டத்துக்குச் சக்தியில்லை என்று குழு எழுதியது. அறிக்கை வெளியான தேதி 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் முதல் உலகப்போரில் இறங்கியது. அறிக்கையை எடுத்துப் பார்க்க ஆளில்லை. முத்திரை வரி ஒழிந்ததும், மருந்தில் என்ன இருக்கிறது என்று பாட்டிலில் எழுதியாக வேண்டும் என்ற சட்டம் வந்ததும் 1941-ல்தான். கார்லில் அதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு, 96-வது வயதில் இறந்தார்.

நம் நாட்டில் 1954-ல் மருந்துகள் மற்றும் அற்புத சிகிச்சைகள் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் நிலைகளும் இருக்கின்றன. நீரிழிவு, புற்றுநோய், கண்புரை எல்லாம் உண்டு. இவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது குற்றம். ஆனாலும் சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடியின் விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தோடு இந்தச் சட்டத்தையும் எடுத்து, அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் உள்ளூர் டிவியையும் பேருந்துகளின் பின்பக்கத்தையும் கவனியுங்கள். எந்தெந்த நோய்க்கு விளம்பரம் வருகிறது, அதை ஒளிபரப்புவது யார், ஒட்ட இடம் கொடுத்தது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்த்ததை எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.