தோல் முட்டைக்கு டானிக் வேண்டாம், கிளிஞ்சல் வையுங்கள்

உங்கள் நான்கு கோழிகளில் இரண்டு தோல் முட்டை, அதாவது கெட்டி ஓடில்லாமல் மெல்லிய தோல் மட்டும் உள்ள முட்டை இடுகின்றன, டானிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தீனியில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. பெரும்பாலும் அதுதான் காரணம். நீங்கள் போடும் கம்பும் குருணையும் வயிற்றை நிரப்பும், ஓடு கட்டாது. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து தேவை.

தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சல் வாங்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம். முட்டையிடும் கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு இது மிகையானால் சிறுநீரகம் கெடும். வீட்டு முட்டை ஓட்டைக் காயவைத்துப் போடுவதானால் ஓடு என்றே தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள். இல்லாவிட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துவிடும். அதை மாற்றுவது பெரும்பாடு.

தோல் முட்டை இடுவது எந்தக் கோழி என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? காலையில் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பஞ்சாரத்தில் தண்ணீர் வைத்துக் கவிழ்த்துவிடுங்கள். நிழலில்தான். இப்போதுதான் இடத் தொடங்கிய விடைக்கோழி என்றால் விட்டுவிடலாம், முதல் சில முட்டைகள் அப்படி வருவதுண்டு. கடும் கோடையிலும் ஓடு மெலியும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அது காரம், வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும்.

இரண்டு வாரத்தில் ஓடு தேறாவிட்டாலோ, கூடவே மூச்சிரைப்பு, பச்சைக் கழிச்சல், முட்டை திடீரென்று குறைவது என்று ஏதாவது தெரிந்தாலோ அது வெறும் தீனிக் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். அந்தக் கோழியைப் பிரித்து வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.