இழுப்புக்கு என்ன கணக்கு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி சிகரெட் பற்றியே இருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

பல்லடம் வாசகர்: நான் தறி ஓட்டுறவனுங்க. நாளைக்கு நாலு சிகரெட், அதுக்கு மேல இல்லை. பக்கத்துத் தறிக்காரர் பத்துப் பிடிப்பார். முகாமில் ஒரு மெஷினில் ஊதச் சொன்னாங்க. எனக்கு 19, அவருக்கு 16. மெஷின் பழுதுங்களா?

மெஷின் மேல் பழி போடாதீங்க. அது அளப்பது உங்கள் மூச்சில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடை, பத்து லட்சம் பங்கு காற்றில் அது எத்தனை பங்கு என்று. எத்தனை சிகரெட் என்பது அதற்குத் தெரியாது. உடம்பில் இருக்கும் அந்த வாயு நாலைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் நீங்கள் ஊதுவதற்குச் சற்று முன் ஒன்றை முடித்துவிட்டுப் போயிருந்து, அவர் காலையில் பிடித்ததோடு வந்திருந்தால் அதுவே இந்த வித்தியாசத்துக்குப் போதும்.

அது இல்லை என்றால் விஷயம் இழுப்பில் இருக்கிறது. தறியை விட்டுவிட்டு ஓடிவந்து, பேக்கரி வாசலில் டீ ஆறுவதற்குள் ஒன்றை முடித்துவிட்டு ஓடுகிறவர் இழுக்கும் இழுப்பு வேறு. பன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசி, பாதி சிகரெட்டைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறவரின் இழுப்பு வேறு. கணக்குப் போட்டே பார்க்கலாம். அவர் ஒரு இழுப்புக்கு 35 மில்லி, ஒரு சிகரெட்டுக்கு 8 இழுப்பு என்று வைத்தால் 280 மில்லி புகை, பத்து சிகரெட்டுக்கு 2,800. நீங்கள் 60 மில்லி, 12 இழுப்பு என்றால் ஒன்றுக்கே 720, நாலுக்கு 2,880. நாலு பத்தைத் தாண்டிவிட்டது பாருங்கள். இவை உதாரணத்துக்குப் போட்ட எண்கள்தான், ஆனால் மனிதர்கள் இழுக்கும் அளவு இந்த வீச்சில்தான் மாறுகிறது.

அடுத்த முறை டாக்டர் "எத்தனை" என்று மட்டும் கேட்டால், எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அடிமைத்தனத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்விப் பட்டியலில், எழுந்த ஐந்து நிமிஷத்துக்குள் பற்றவைப்பவருக்கு 3 மதிப்பெண். ஒரு நாளைக்கு 31-ம் அதற்கு மேலும் பிடிப்பவருக்கும் அதே 3-தான்.

ஈரோடு வாசகி: எங்க வீட்டுக்காரர் 'லைட்' சிகரெட்டுக்கு மாறிட்டார். அதுல தார் கம்மி, மெஷின்லயே அளந்திருக்காங்கன்னு சாதிக்கிறார். நிஜமா?

சிகரெட்டைத் தானே இழுத்துப் புகையை அளக்கும் மெஷினில் அளந்தது நிஜம். அந்த மெஷின் உங்க வீட்டுக்காரரைப் போல இழுக்காது என்பதும் நிஜம்.

அந்த மெஷின் இழுப்பது 35 மில்லி, 2 விநாடி, நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. இந்த அளவை 1936-ல் எழுதிவைத்தவர்கள் ஒரு அமெரிக்க சிகரெட் கம்பெனியின் வேதியியல்காரர்கள். 1967-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அதையே எடுத்துக்கொண்டது. இந்த எண் உண்மையான ஆட்களுக்குப் பொருந்தாது என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லியும், தன் ஒப்புதலை அது விலக்கிக்கொண்டது 2008-ல்தான்! 'லைட்', 'மைல்ட்' என்று பாக்கெட்டில் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2003-லும் அமெரிக்கா 2010-லும் நிறுத்தின.

அந்தச் சிகரெட்டில் ஒன்றை எடுத்து, பஞ்சுப் பக்கத்து காகிதத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுற்றிவர ஊசி குத்தினாற்போல் ஒரு வரிசை ஓட்டை தெரியலாம். சில வகைகளில் கண்ணுக்கே தெரியாது. இழுக்கும்போது அது வழியாக வெளிக்காற்று கலந்து புகை நீர்த்துப்போகும், மெஷின் நுனியை மட்டும் கவ்விக்கொள்வதால் அதற்கு எண் குறைவாகவே வரும். மனிதரின் விரலும் உதடும் பல நேரம் அந்த ஓட்டைகள் மேலேயே உட்காரும். அப்புறம் அவர் போட்ட துண்டைப் பாருங்கள். ஓட்டை திறந்திருந்தால் பஞ்சின் முகத்தில் நடுவில் மட்டும் பழுப்பு, ஓரம் வெள்ளையாக இருக்கும். முகம் முழுக்க ஒரே பழுப்பு என்றால் ஓட்டை அடைபட்டிருக்க நல்ல வாய்ப்பு. சண்டைக்கு இந்தச் சாட்சி போதும் என்று நினைக்கிறேன்.

கோவை, பீளமேடு மாணவர்: ஒருவர் எப்படி இழுக்கிறார் என்பதை அளக்கக் கருவி இருக்கிறதாமே. எப்படி வேலை செய்கிறது? அதை வைத்து விஷத்தையும் கணக்கிட முடியுமா?

பம்ப் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். குழாய்க்குள் நடுவில் ஓட்டை போட்ட ஆரிஃபிஸ் தட்டு வைத்து, இரு பக்கத்து அழுத்த வித்தியாசத்திலிருந்து நீரோட்டத்தைக் கண்டுபிடிப்பீர்கள் அல்லவா, அதே சங்கதிதான். உள்ளங்கையில் அடங்கும் கருவியின் ஒரு முனையில் சிகரெட்டைச் செருகி மறுமுனையில் வாயை வைத்து இழுக்கணும். நடுவில் சின்னத் தடை, அதன் இரு பக்கமும் அழுத்த உணரி. ஒவ்வொரு இழுப்பின் கொள்ளளவு, நீளம், உச்ச வேகம், அடுத்த இழுப்புக்கு முன் எத்தனை விநாடி என்று எல்லாம் பதிவாகிவிடும்.

விஷத்துக்கு இன்னொரு படி வேண்டும். பதிவான அதே இழுப்பு வரிசையைப் புகைக்கும் இயந்திரத்தில் மறுபடி ஓட்டி, வரும் புகையைப் பிடித்துத் தார், நிகோடின், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன் என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 133 பேரிடம் இப்படிச் செய்தது. பழைய 35 மில்லி முறை காட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நிகோடின் கிடைத்தது, இழுப்புக்கு இழுப்பு இடைவெளியோ 20 விநாடி அளவில்தான். கனடா வைத்த கடுமையான முறை 55 மில்லி, 30 விநாடிக்கு ஒன்று, ஓட்டைகளை முழுக்க அடைத்து. இது மனிதருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் எந்த மனிதருக்கு என்று கேட்டால் அதனிடமும் பதில் கிடையாது.

கருவியிலும் குறை உண்டு. வாயில் பிளாஸ்டிக் முனை இருந்தால் உதடு ஓட்டையை மூடாது, ஆய்வகத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இழுப்பும் மாறிவிடும். அதனால்தான் கீழே போட்ட துண்டுகளைச் சேகரித்து, பஞ்சில் தேங்கிய நிகோடினையோ சொலனசால் என்ற புகையிலைப் பொருளையோ அளந்து, வாய்க்குள் எவ்வளவு போனது என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறையும் இருக்கிறது. ஆளைத் தொந்தரவே செய்ய வேண்டாம், எனக்குப் பிடித்த முறை இதுதான். வாய்க்குள் போனதில் ரத்தத்தில் சேர்ந்தது எவ்வளவு என்பது தனிக் கேள்வி, நெஞ்சுக்குள் எவ்வளவு ஆழம் இழுத்தார், எத்தனை நேரம் பிடித்துவைத்தார் என்பதைப் பொறுத்தது. அதற்கு எச்சிலிலோ சிறுநீரிலோ, நிகோடின் உடம்புக்குள் மாறி உருவாகும் கோட்டினினைப் பார்ப்பார்கள், கடந்த சில நாள் கதையை அது சொல்லும். சிறுநீரில், புகையிலை நைட்ரோசமைன் ஒன்று உடம்புக்குள் மாறி உருவாகும் என்என்ஏஎல் என்ற பொருளைப் பார்த்தால் வாரக்கணக்கில் பின்னால் போகலாம்.

கோபி வாசகர்: பீடி வெறும் இலைதானுங்க. சிகரெட்டை விடத் தேவலையா?

இல்லைங்க. பீடி இலை சிகரெட் காகிதம் போலத் தானாகக் கனியாது, இழுத்துக்கொண்டே இருந்தால்தான் அணையாமல் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பெல்லாம் பீடியில் நடக்காது. அளவில் சின்னதாக இருந்தும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை.

திருப்பூர் வாசகர்: பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தால் பாதி நஷ்டம் மிச்சம்தானே?

பனியன் கம்பெனிக் கணக்கு இங்கே செல்லாது. உடம்பு பழகிய நிகோடினைக் கேட்கும், மிச்சமிருக்கும் ஐந்தையும் நீங்கள் ஆழமாக, பஞ்சு சுடும் வரை இழுப்பீர்கள். மாரடைப்பு இன்னும் மோசமான கணக்கு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2018-ல் வந்த தொகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்து சேர்கிறது. ஐந்தை ஒரு வழித்தங்கலாக வைத்துக்கொண்டு, முழுசாக விடும் தேதியையும் இப்பவே குறித்துவிடுங்கள். உதவிக்கு 1800-11-2356, காசு ஆகாது.