எதைப் படித்தாலும் அதுவே சரி என்று தோன்றுகிறதே?

கேள்வி: என் அப்பா, திராவிடக் கட்சிகளை விமர்சிக்கும் துக்ளக்கின் வாசகர். நான் கல்யாணமாகி வந்த வீட்டில் திராவிடர் கழகத்தின் விடுதலையும் திமுகவின் முரசொலியும்தான். பள்ளியில் உடன் வேலை செய்யும் ஆசிரியர் தினமும் மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர் கொண்டுவருவார். எல்லாத் தரப்பையும் படித்தால் தெளிவு வரும் என்று ஒரு வருடமாக எல்லாவற்றையும் படிக்கிறேன். தெளிவு வரவில்லை. இதைப் படித்தால் இது சரி, அதைப் படித்தால் அது சரி என்றிருக்கிறது. எனக்கென்று ஒரு கருத்தே கிடையாதோ என்று பயமாக இருக்கிறது. போதாததற்கு, நான் துக்ளக்கைப் புரட்டினால் மாமனாருக்கு முகம் மாறிவிடுகிறது. இப்படிப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கண்டிப்பாக இருக்கிறது. கருத்தே இல்லாதவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது, அதனால் அந்தப் பயம் வேண்டாம். இரண்டு கட்டுரைகளும் சரி என்று தோன்றினால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றனவா? பெரும்பாலும் இருக்காது. தலைப்புச் செய்தி ஒன்றுதான். ஆனால் ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அவரவர் கேள்விக்கு நன்றாகவே பதில் எழுதியிருப்பார்கள்.

10 சதவீத இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் இரண்டு வீட்டிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கும். 2019 ஜனவரியில் 103-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பட்டியல்களில் வராதவர்களில் ஏழைகளுக்குக் கல்வியிலும் வேலையிலும் 10 சதவீதம் வரை ஒதுக்கலாம் என்றது அது. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு வைத்தது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது.

எதிர்த்து எழுதியவர்களின் கேள்வி இது: இடஒதுக்கீடு எதற்காக வந்தது? சாதியைச் சொல்லிப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வருவதற்காக. அது வறுமை ஒழிப்புத் திட்டம் இல்லை. வறுமைக்கு உதவித்தொகை கொடுங்கள், கட்டணத்தை ரத்து செய்யுங்கள் என்பார்கள். ஆதரித்து எழுதியவர்களின் கேள்வி வேறு: சமையல் வேலைக்குப் போகும் ஒருவரின் மகளுக்குச் சாதிச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை, கையில் பணமும் இல்லை, அவளுக்கு அரசு என்ன செய்யும்? முதல் கேள்வி பிரதிநிதித்துவத்தைப் பற்றியது, இரண்டாவது ஏழ்மையைப் பற்றியது. இரண்டுமே நியாயமான கேள்விகள். அதனால்தான் இரண்டுக்கும் நீங்கள் தலையாட்டினீர்கள். எந்தக் கேள்வியை முதலில் வைக்கவேண்டும் என்பதில்தான் உண்மையான சண்டை. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் உங்கள் கருத்து தானாக வாயைத் திறக்கும்.

இன்னொன்றும் செய்யச் சொல்வேன். கட்டுரைகளைப் படித்த பிறகு, அவை எதைப் பற்றிப் பேசுகின்றனவோ அதையே கொஞ்சம் படியுங்கள். அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ 400 பக்கம். முழுதும் வேண்டாம், நீதிபதி ரவீந்திர பட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு போதும். தலைமை நீதிபதி யு.யு.லலித்தும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். திருத்தத்தை எதிர்த்தவர்கள் இந்தப் பகுதியைத்தான் கொண்டாடினார்கள். ஆனால் பொருளாதார அடிப்படையில் ஒதுக்கீடு தரலாம் என்பதை ரவீந்திர பட்டும் ஒப்புக்கொள்கிறார். அவர் திருத்தத்தை ஏற்க மறுத்ததற்கு முக்கியக் காரணம், ஏழைகளுக்கு என்று சொல்லிவிட்டு எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஏழைகளை அது வெளியே நிறுத்தியது. அதாவது, ‘பொருளாதார அளவுகோலே கூடாது’ என்ற வாதத்தை ஐந்து நீதிபதிகளில் ஒருவர்கூட ஏற்கவில்லை. எதிர்ப்பாளர்கள் இதை விரிவாகச் சொல்லமாட்டார்கள். அந்தப் பக்கம், ஏழை தலித் மாணவிக்கு இந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால் ஆதரவாளர்கள், அவர்களுக்குத்தான் தனி ஒதுக்கீடு இருக்கிறதே என்று ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு தரப்பும் வேகமாகத் தாண்டுகிற இடம் எது என்பது அடுத்த தரப்பையும் படித்தால்தான் கண்ணில் படும். பல தரப்பைப் படிப்பதில் எனக்குப் பெரிய லாபமாகப் படுவது இதுதான்.

‘இடது’, ‘வலது’, ‘திராவிடம்’ என்று பத்திரிகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, படிப்பதற்கு முன்பே முடிவை ஊகிக்கும் பழக்கமும் வேண்டாம். இந்தத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியபோது ஆதரவு 323, எதிர்ப்பு 3. பாஜக கொண்டுவந்ததைக் காங்கிரஸும் ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் ஆதரித்து வாக்களித்தது. அதிமுக சார்பில் தம்பிதுரை எதிர்த்துப் பேசினார், கட்சி வெளிநடப்பு செய்தது. மாநிலங்களவையில் திமுகவின் கனிமொழி, மசோதாவை உடனே நிறைவேற்றாமல், எம்.பி.க்கள் விரிவாக ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். பரம எதிரிகளான இரண்டு கழகங்கள் ஒரு பக்கம், பாஜகவும் மார்க்சிஸ்ட்டும் இன்னொரு பக்கம்! தீக்கதிர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டுபவர் இதையெல்லாம் தவறவிடுவார்.

கட்சிப் பத்திரிகை என்பதால் எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். முரசொலியோ தீக்கதிரோ தான் யாருடைய குரல் என்பதை மறைப்பதில்லை. விடுதலை பெரியார் காலத்திலிருந்தே தன் கொள்கையைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அது தெரிந்தே படிக்கிறோம், ஏமாற வழியில்லை. நான் அதிக எச்சரிக்கையோடு படிப்பது ‘நடுநிலை’ என்று சொல்லிக்கொள்ளும் கட்டுரைகளைத்தான். இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், காலம் பதில் சொல்லும் என்று முடித்தால் நம் நேரம்தான் வீண். நீங்களும் நடுவில் போய் நிற்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இடஒதுக்கீடு பிரதிநிதித்துவத்துக்கானது என்பது என் உறுதியான நிலை. எதிர்த்தரப்பைப் படித்து அது மாறவில்லை. ஆனால் அந்தச் சமையல்காரர் மகளைப் பற்றி யாராவது கேட்டால் இப்போது பேச்சை மாற்றமாட்டேன், அவளுக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன்.

சரி, மாமனார் விஷயம். தமிழ்நாட்டில் கையில் இருக்கும் பத்திரிகையை வைத்தே நம்மை எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு வருத்தம் வருவது இயல்புதான். அவரோடு வாதாட வேண்டாம், கேளுங்கள். 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்தது. அதற்கு மேல் இருந்தால் சலுகை கிடையாது. திராவிடர் கழகமும் திமுகவும் கடுமையாக எதிர்த்தன. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு இரண்டே இடம் கிடைத்தது. உடனே எம்.ஜி.ஆர். அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதோடு நிற்காமல், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகவும் உயர்த்தினார். 2019-இல் பேசப்பட்ட வாதங்களில் பாதி அன்றைக்கே இங்கே பேசப்பட்டவை. உங்கள் மாமனாருக்கு அது ஞாபகம் இருக்கும் வயதாக இருந்தால், அப்போது டீக்கடையில் என்ன பேசிக்கொண்டார்கள், இவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். துக்ளக்கில் வந்த ஒரு வாதத்தைச் சொல்லி, ‘இதுக்கு என்ன பதில் மாமா?’ என்றும் கேளுங்கள். அவரிடம் நல்ல பதில் இருக்கக்கூடும், உங்களுக்கும் அது தேவை.

அப்புறம், தினமும் நான்கு பத்திரிகை வேண்டாம். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற யாராலும் அது முடியாது. ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் எல்லாத் தரப்பையும் ஒரு மாதம் படியுங்கள். மற்றதற்குத் தலைப்புச் செய்தி போதும். தொலைக்காட்சி விவாதங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே யாரும் ஒரு வாதத்தை முடிக்கும்வரை பேச விடுவதில்லை.

அடுத்ததாகத் தொகுதி மறுவரையறையை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப மக்களவை இடங்களைத் திருத்தி அமைப்பதை, எடுத்துப் பாருங்கள். மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் இத்தனை காலமும் 1971 கணக்கெடுப்பின்படியே இருந்து வந்தது 1976-இல் வந்த 42-வது திருத்தத்தால். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது 84-வது திருத்தம். ஒருவர் ‘ஒவ்வொரு குடிமகனின் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இருக்கிறதா’ என்று கேட்பார். இன்னொருவர் ‘குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா’ என்பார். யார் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். ஒரு மாதம் கழித்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.