வாசிக்கவே திணறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றை எப்படி ஆர்வமாக நடத்துவது?

சோழர் உள்ளாட்சியையே எடுத்துக்கொள்கிறேன். சபை (ஊர் மன்றம்), வாரியம் (சபையின் குழு), குடும்பு (ஊரின் ஒரு பகுதி, இன்றைய வார்டு மாதிரி), குடவோலை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுப்பது) என்று ஒரே பத்தியில் நாலைந்து புதுச் சொற்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். அதனால் முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு மண்குடத்தை மேசைமேல் வையுங்கள்.

முன்தினமே பத்து அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள். அட்டைக்கு ஓர் ஆள், மூன்று சின்ன வரி, பெரிய எழுத்து. ‘வயது 32. அரை வேலி நிலம். சொந்த மனையில் வீடு.’ (வேலி என்பது பழைய நில அளவு.) ‘வயது 50. ஒரு வேலி நிலம். போன ஆண்டு வாரியத்தில் இருந்தார்.’ ‘வயது 45. இவர் மைத்துனர் கணக்குக் காட்டவில்லை.’ ஒரு பெண், நிலமில்லாத ஓர் உழவர் ஆகியோருக்கும் கட்டாயம் அட்டை வேண்டும். நாலு பேருக்கு ஓர் அட்டை. அதில் ஒருவராவது வாசிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

இந்த அட்டைகளைத் தவிர்த்துவிட்டு, “யார் வீட்டில் சொந்த நிலம் இருக்கிறது?” என்று பிள்ளைகளையே கேட்டுவிடாதீர்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் கூனிக்குறுகிப் போகும். அந்தப் பாடம் அதற்கு ஆயுசுக்கும் கசக்கும்.

முதலில் எல்லாப் பெயரையும் குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். இந்தத் தேர்வு முறையைச் சொல்லும் சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படியே ஓலையை எடுக்கலாம்: எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும், விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும், வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அங்கேயே நிறுத்தி, “விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்?” என்று கேளுங்கள். கையில் வேறு சீட்டை ஒளிக்கலாம் என்று கடைசி பெஞ்சிலிருந்துதான் முதலில் பதில் வரும். இந்த நிமிடத்துக்காகவே குடம் கொண்டுவரலாம்.

அதன்பிறகே, வாரியத்துக்கு யார் வரலாம் என்ற விதிகளைச் சொல்லுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. விதியை முதலில் படித்தால் வகுப்பு தூங்கிவிடும், குலுக்கலில் வந்த ஆள் விதியால் வெளியேறும்போதுதான், “ஏன் சார்?” என்று கேட்பார்கள்.

32 வயது அட்டையைப் பற்றிக் கடைசியில் பேசுங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில், 921இல், அது 35 முதல் 70 ஆகிவிட்டது. வயதை ஏன் மாற்றியிருப்பார்கள்? கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊகிப்பதும் வரலாற்று வேலைதான். ஊகத்தை ஊகம் என்றே பலகையில் எழுதுங்கள்.

விதியால் வெளியேறிய அட்டைகளைப் பற்றிப் பேசாமல் மணி அடிக்க விடாதீர்கள். உத்திரமேரூர்ச் சபை பிராமணர் ஊர்ச் சபை. பெண்ணுக்கும் உழவருக்கும் அதில் இடமில்லை. ‘அன்றே ஜனநாயகம்’ என்று மட்டும் சொல்லி முடித்தால், ஊரே கூடி ஓட்டுப் போட்டதாகப் பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். இன்று 21 வயது ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம், தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் யார் கணக்கு வாசித்தார் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் ஒரே வாக்கியம்: ‘என் அட்டைக்காரர் பெயர் அன்று குடத்துக்குள் போயிருக்காது, ஏனென்றால்…’ (தகுதி உள்ளவருக்கு ‘போயிருக்கும்’.) எழுத வராதவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறந்தால் வாரியமும் குடவோலையும் தெரிந்த சொற்களாக இருக்கும். வாசிப்பை அந்தச் சொற்கள் வரும் பத்தியிலிருந்தே தொடங்குங்கள்.