கூகுள் டிரைவில் இருந்தால் போதாதா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள். கணக்கெல்லாம் கூகுள் டிரைவில் ஏறிவிடுகிறது, தனியாகக் காப்பு நகல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது போதாது. கடைக் கணினியில் உள்ளதை டிரைவ் அப்படியே பின்பற்றும். இங்கே கோப்பை அழித்தால் அங்கும் அழியும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் நச்சு நிரலான ரான்சம்வேர் புகுந்தால், பூட்டிய கோப்புகளே மேலே ஏறும். குப்பைத்தொட்டியில் கிடப்பதையும் பழைய பதிப்புகளையும் பொதுவாக 30 நாள்களுக்கு மேல் வைத்திருக்காது. மலேசிய வருமான வரிச் சட்டமோ கணக்கை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. விலைப்பட்டியல்தான் வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸில் இருக்கிறதே என்று நினைத்தால், எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பது அங்கே கிடைக்காது.

கடைகளுக்குக் கணினி வேலை செய்யப் போகும்போது நான் வழக்கமாகக் காண்பது இது: கல்லாவுக்குப் பக்கத்தில் கணினி, அதன் பின்னால் வயரில் தொங்கும் ஹார்ட் டிஸ்க், அதன்மேல் மிளகாய்த்தூளும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து படிந்த பிசுக்கு. வாங்கி மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைக் கழற்றியதில்லை. கணினியின் கண்ணுக்குத் தெரியும் டிஸ்க் நச்சு நிரலின் கண்ணுக்கும் தெரியும். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, கணினியோடு இணைந்திருந்த டிஸ்க்குகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. கழற்றி மேசை அறைக்குள் வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது.

ஆகவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் மாடி அலமாரியில் வையுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரருக்கு அதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியை விற்க வருபவர் அதுவே காப்பு என்பார். ஒரு டிஸ்க் பழுதானால் அது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலுமே அழிந்திருக்கும்.

கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் கோப்பை நகலெடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் பிடிபட்டு, பிறகு திறக்காமல் போகலாம். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு மடிக்கணினியில் மீட்டு, நேற்றுப் போட்ட பில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பில்லும் தொகையும் சரியாக வந்தால்தான் அதை நான் காப்பு நகலாகக் கணக்கில் சேர்ப்பேன்.

டிஸ்க்கில் வேலையாட்களின் சம்பளமும் அடையாள அட்டை எண்களும் இருக்கும். விண்டோஸ் புரோ என்றால், அதிலேயே இருக்கும் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டிவிடுங்கள். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்தால், கணினி போகும்போது சாவியும் போய்விடும்.