கால்ஷீட் இல்லாத வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடியோ கேம் நிறுவனங்களின் ‘கிரஞ்ச்’ (வெளியீடு நெருங்கும்போது வாரக்கணக்கில் கூடுதல் நேரம் வேலை வாங்குவது) பற்றி நீங்கள் எழுதியதில் சுரண்டல் என்ற சொல் மிகையாகப் பட்டது. வெளியீட்டுக்கு முன் ராப்பகலாக உழைப்பது எல்லாக் கலைகளிலும் உண்டு. சினிமாக்காரர்கள் ரிலீசுக்கு முந்தைய நாள் வரை தூங்குவதில்லை. இவர்கள் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள், விரும்பித்தான் வருகிறார்கள். மாலை ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டால் பெரிய கேம் எதுவும் வருமா? என் மகள் இந்தத் துறைக்குப் போக நினைக்கிறாள். அதனால் கேட்கிறேன்.

ம., கோவை

அன்புள்ள ம.,

சினிமாவை நீங்களே இழுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கோடம்பாக்கத்தில் லைட்மேனுக்குக் கால்ஷீட் உண்டு. நேரம் தாண்டினால் தயாரிப்பாளர் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் மணி நெருங்கும்போது புரொடக்‌ஷன் மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இயக்குநர் ஒரு ஷாட்டைக் கைவிடுகிறார். கேம் துறையில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம். ஒருவர் வாரத்தில் எழுபதாவது மணி நேரம் உட்கார்ந்தாலும் பல இடங்களில் நிறுவனத்துக்குத் தனிச் செலவில்லை. அங்கே யாருக்கும் ஷாட்டைக் கைவிடத் தோன்றுவதில்லை.

2004 நவம்பரில் ‘இஏ ஸ்பௌஸ்’ என்ற புனைபெயரில் ஒரு பெண் இணையத்தில் எழுதியதைப் படித்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இஏ) என்ற அமெரிக்க கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவருக்கு நிச்சயிக்கப்பட்டவர். முதலில் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள். பிறகு பன்னிரண்டு மணி நேரம். பிறகு காலை 9 முதல் இரவு 10 வரை, ஏழு நாளும்; எப்போதாவது சனிக்கிழமை ஆறரைக்கு விடுவார்கள். வாரம் 85 மணி நேரம் என்பது அவர் கணக்கு. ஓவர்டைம் இல்லை, கூடுதல் நேரத்துக்கு ஈடு விடுப்பும் இல்லை. இதில் முக்கியமான விஷயம், முதல் கட்டம் அறிவிக்கப்பட்டபோது வேலை அட்டவணைப்படியே நடந்துகொண்டிருந்தது. பின்னால் பெரிய நெருக்கடி வராமலிருக்க இப்போதே கொஞ்சம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

அந்த நிறுவனம் இருக்கும் கலிஃபோர்னியாவில் ஓவர்டைம் சட்டம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஊதியத்துக்கு மேல் வாங்கும் கணினி வல்லுநர்களுக்கு அதில் விலக்கு. விலக்கு தங்களுக்குப் பொருந்தாது என்று ஊழியர்கள் வழக்காடினார்கள். நிறுவனம் 2005-ல் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலரும் 2006-ல் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தென்கொரியாவிலும் இதே வழக்கம் வேறு பெயரில் இருந்தது: ஓவர்டைமையும் சேர்த்தே பேசி முடித்த மொத்தச் சம்பளம். சியோலின் கூரோ பகுதியில் இருந்த நெட்மார்பிள் என்ற கேம் நிறுவனத்தின் அலுவலகத்தை ‘கூரோவின் கலங்கரை விளக்கம்’ என்பார்கள், விளக்கு அணைவதே இல்லை என்பதால். அங்கே 2016-ல் இறந்த ஓர் இளம் ஊழியரின் மரணத்துக்கு அதிக வேலையே காரணம் என்று அரசு நிறுவனம் மறு ஆண்டு ஏற்றுக்கொண்டது. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் ஒரே வாரத்தில் 89 மணி நேரம் வேலை செய்திருந்தார். ‘விரும்பி வருகிறார்கள்’ என்பது இங்கே என்ன பதில்?

ஓவர்டைம் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. போலந்துச் சட்டப்படி கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. அப்படியிருந்தும் அங்குள்ள சிடி பிராஜெக்ட் ரெட் என்ற கேம் நிறுவனம் 2020 செப்டம்பரில் வாரம் ஆறு நாள் வேலை என்று அறிவித்தது. கட்டாயக் கிரஞ்ச் இருக்காது என்று 2019-ல் சொன்ன அதே நிறுவனம். அவர்களின் சைபர்பங்க் 2077 கேம் அக்டோபர் தொடக்கத்தில் ‘கோல்ட்’ ஆனது, அதாவது டிஸ்க் அச்சிடத் தயார். மாதக் கடைசியில் இன்னும் 21 நாள் தள்ளினார்கள். டிசம்பர் 10 அன்று வந்தபோது சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 4-ல் அது தடுமாறிய தடுமாற்றத்தில், அந்த நிறுவனம் ஒரே வாரத்தில் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. உங்கள் கடைசிக் கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். அத்தனை சனிக்கிழமைகளும் அந்தக் கேமை முடித்துத் தரவில்லை.

ஏன் முடிவதில்லை? ஆல்ஃபா கட்டத்தில் எல்லா அம்சங்களும் உள்ளே வந்திருக்க வேண்டும். அடுத்த கட்டமான பீட்டாவுக்குப் பிறகு பக் (பிழை) திருத்துவது மட்டும்தான் வேலை. நடைமுறையில் கண்காட்சிக்கு ஒரு டெமோ கேட்பார்கள். அதற்காக எழுதிய புரோகிராமில் பாதி பிறகு குப்பைக்குப் போகும், ஆறேழு வாரமும் அதோடு போகும். கேமை வெளியிடும் பதிப்பாளர் மைல்ஸ்டோன் கணக்கில், அதாவது ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், பணம் தருவதால், நடுவில் அவர் கேட்கும் மாற்றத்தை ஸ்டுடியோ மறுக்கத் தயங்கும். ஆக, பீட்டாவிலும் புது அம்சம் நுழைகிறது. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் திருத்தும் பக் இன்னொரு பக்கைக் கிளப்புகிறது. காலையில் சோதனையாளர் அதைத் திரும்பத் திறக்கிறார். போதாக்குறைக்கு கன்சோல் (பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவி) நிறுவனத்தின் சான்றிதழ்ச் சோதனை வேறு: விளையாடும்போது கன்ட்ரோலர் துண்டானால் கேம் எப்படி நடந்துகொள்கிறது என்பது போன்ற சின்ன விஷயத்தில் தவறினாலும் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். வெளியீட்டுத் தேதியோ விளம்பரத்தில் எப்போதோ வந்துவிட்டது. அதை நகர்த்துவதற்கு ஆகும் செலவு கணக்கில் தெரியும், ஆட்களை உட்கார வைப்பதற்கு ஆவது தெரியாது.

பாதியில் விலகலாமே என்பீர்கள். டைட்டில் கார்டில் பெயர் இல்லாமல் போவதுதான் பயம். 2011-ல் எல்.ஏ. நுவார் என்ற கேம் வெளியானபோது, அதில் வேலை செய்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் விடுபட்டோ தவறாகவோ இருந்தன. அடுத்த வேலைக்குக் காட்ட அந்தப் பெயர் ஒன்றுதான் சான்று. ஒப்பந்தச் சோதனையாளர்கள் நிலை இன்னும் மோசம். ரேவன் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க கேம் ஸ்டுடியோவில் சிலரின் ஒப்பந்தத்தை முடித்தபோது சக சோதனையாளர்கள் 2021 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் 19-க்கு 3 என்ற வாக்கில் சங்கம் அமைந்தது. என்னைக் கேட்டால், எந்தச் சட்டத்தையும்விட இது முக்கியம். மணிக்கு விலை வைப்பதைச் சட்டம் செய்யலாம், தேதியைப் பற்றிப் பேச சங்கம் வேண்டும்.

உங்கள் மகளுக்கு: நேர்காணலில் ‘இங்கே கிரஞ்ச் உண்டா’ என்று கேட்க வேண்டாம், எல்லோரும் இல்லை என்பார்கள். கடந்த கேமுக்கு எத்தனை வாரம் முன்பிருந்து சனிக்கிழமை வந்தார்கள், தாமதமானபோது எந்த அம்சத்தை வெட்டினார்கள், வெட்ட முடிவெடுத்தவர் யார் என்று கேட்கட்டும். இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். ஈடு விடுப்பு வாய்ச்சொல்லாக இல்லாமல் நியமனக் கடிதத்திலேயே இருக்க வேண்டும், பாதியில் விலகினாலும் பெயர் வருமா என்பதும் எழுத்தில் வேண்டும். சேர்ந்தபின் தினமும் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் சொந்த நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளக்காரர்களின் மணிக்கணக்கைப் பல நிறுவனங்கள் எழுதி வைப்பதே இல்லை.