ஊர்ச் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்: இத்தாலி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், இத்தாலியில் இருக்கும் என் சிநேகிதி வீட்டில் தங்கிச் சாப்பிட்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பள்ளி விடுமுறைக்குப் பலர் டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க இத்தாலிச் சாப்பாடு.

கேள்வி: என் மகளின் தோழி போலோன்யாவில் படிக்கிறாள், அவளைப் பார்க்கக் குடும்பமாகப் போகிறோம். இங்கே கடைகளில் ஸ்பகெத்தி போலோனேஸ், கிரீம் ஊற்றிய கார்பொனாரா எல்லாம் சாப்பிட்டுப் பழக்கம். அங்கே போய் அசலைச் சாப்பிட்டால் நமக்குப் பிடிக்குமா?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பிடிக்கும் சகோதரி, ஆனால் நீங்கள் தேடும் பெயர் அங்கே மெனுவில் இருக்காது. போலோன்யாக்காரர்கள் கொத்துக்கறியை மெதுவாக வேகவைத்துச் செய்யும் ராகூவை ஸ்பகெத்தியில் போடுவதில்லை. முட்டை போட்டுப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, பட்டை பட்டையாக நறுக்கிய தாலியாதெல்லேயில்தான் போடுவார்கள். காரணம் சாதாரணமானது. வழவழவென்று இருக்கும் ஸ்பகெத்தியிலிருந்து கறி வழுக்கித் தட்டில் தங்கிவிடும், சொரசொரப்பான முட்டை மாவில் அது ஒட்டிக்கொண்டு வாய்க்கு வரும். இந்த விஷயத்தில் அவர்கள் எவ்வளவு தீவிரம் என்றால், வெந்த தாலியாதெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் அந்த ஊர் வணிகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்தார்கள். ராகூவின் செய்முறையை 1982-ல் அதே சபையில் பதிந்தார்கள். அந்தச் செய்முறையில் பூண்டு கிடையாது, நாம் நினைக்கிற அளவுக்குத் தக்காளியும் கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ராகூவில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இரண்டுமே உண்டு. வேண்டாம் என்பவர்கள் தொர்தெல்லோனி கேளுங்கள். கொழுக்கட்டை அளவில் மடித்து, உள்ளே ரிக்கோத்தா சீஸ் வைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், அவ்வளவு மென்மை. பெயரைக் கவனமாகச் சொல்லுங்கள், தொர்தெல்லீனி என்று வாங்கினால் அது இறைச்சி வைத்த சின்னது, இறைச்சிச் சாறில் மிதந்து வரும்.

கார்பொனாரா ரோம் நகரத்துச் சாப்பாடு, அதை ரோமுக்குப் போகும்போது சாப்பிடுங்கள். முட்டை, பெக்கொரீனோ சீஸ், மிளகு, பன்றிக் கன்னத்து இறைச்சி, இவ்வளவுதான். கிரீம் இல்லாமலே அது குழைந்து வரும், பாஸ்தா வெந்த தண்ணீரும் முட்டையும் சூட்டில் சேர்ந்தால் போதும். நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், இத்தாலிச் சாப்பாடு என்று ஒன்றைத் தேடாதீர்கள், நிற்கிற ஊரின் சாப்பாட்டைத் தேடுங்கள். அந்த நாடு ஒன்றாகச் சேர்ந்ததே 1861-ல்தான், அதற்கு முன்னால் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு அரசாட்சியில், தன் மண்ணில் விளைந்ததைச் சமைத்துக்கொண்டிருந்தது. நம் லக்சாவையே பாருங்களேன், பினாங்கில் புளி, கோலாலம்பூரில் கறி, ஜொகூர்க்காரர்கள் லக்சாவுக்கு ஸ்பகெத்தியையே போடுகிறார்கள். எது அசல் லக்சா என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அங்கேயும் அப்படித்தான், வடக்கில் வெண்ணெய், அரிசி, சோள மாவுக் களி, முட்டை போட்ட பாஸ்தா. தெற்கில் ஆலிவ் எண்ணெய், தக்காளி, வெறும் ரவை மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த பாஸ்தா.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டை மட்டும் சேர்ப்போம். இரண்டு வாரம் பிரெட்டும் வாழைப்பழமுமாக ஓட்ட வேண்டியதுதானா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, ஐரோப்பாவிலேயே சைவக்காரருக்கு வயிறு நிறைகிற நாடுகளில் ஒன்று இத்தாலி. ஏழை வீடுகளில் இறைச்சி வாங்க வசதியில்லாத காலத்தில் பருப்பும் கீரையும் மீந்த ரொட்டியும் வைத்து உருவான சாப்பாடுதான் அங்கே இன்றைக்கும் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சமைப்பது. ஜெனோவாவுக்குப் போனால் ஃபாரினாத்தா வாங்குங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை, பெரிய தட்டையான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, வெட்டிக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். அதே மாவைச் சிசிலியில் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்தால் அது பனெல்லே, பலெர்மோ தெருக்களில் அதை எள்ளு தூவிய பன்னுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். தோஸ்கானா பக்கம் காய்ந்த ரொட்டியைத் தக்காளியில் கரைத்து வேகவைத்த பப்பா அல் பொமொதோரோ. பூலியாவில் காய்ந்த ஃபாவா பயற்றைக் குழைய வேகவைத்து, பக்கத்தில் கசப்புக்கீரை வைத்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். கசப்பு பிடித்தவர்கள் அந்தத் தட்டை மறக்க மாட்டார்கள். கத்தானியாவில் கத்தரிக்காய் பொரித்துப் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா. அப்புறம் கப்போனாத்தா, கத்தரிக்காயும் செலரியும் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த தொக்கு, புளிப்பு இனிப்பு இரண்டும் தெரியும்.

நாப்போலியில் பீட்சா மரினாரா கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஓரெகனோ, எண்ணெய் மட்டும், சீஸே கிடையாது. விறகடுப்பில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வெந்து வரும். அந்த ஊர் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது, மரினாராவைச் சாப்பிட்டால் ஏன் என்று புரியும், மாவுதான் அங்கே முக்கியம்.

இனி கவனமாக இருக்க வேண்டியதையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பயண ஏற்பாட்டாளர்கள் யாரும் சொல்வதில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருளால்தான் பாலை உறைய வைக்கிறது, அது விதியிலேயே இருக்கிறது. பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி. உங்கள் வீட்டில் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்பது உங்கள் முடிவு, தெரிந்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ரிசொத்தோ என்கிற குழைந்த அரிசிச் சோற்றைப் பல இடங்களில் இறைச்சிச் சாறில்தான் வேகவைப்பார்கள், மிலானின் குங்குமப்பூ ரிசொத்தோவில் மாட்டு எலும்பு மஜ்ஜையும் போடுவது வழக்கம். ரொமாஞ்ஞா பக்கத்துப் பியதீனா ரொட்டி பார்க்க நம்ம சப்பாத்தி, மாவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும். கீரை பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கும், நாம் ஈக்கான் பிலிஸ் என்கிறோமே அதன் உப்பிட்ட உறவு. "நான் சைவம்" என்று மொத்தமாகச் சொன்னால் சில பெரியவர்களுக்கு மீனும் இறைச்சிச் சாறும் கணக்கில் வராது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: நியென்தே கார்னே, நியென்தே பெஷே, நியென்தே ப்ரோதோ, நியென்தே அச்சூகே. இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு, நெத்திலி, நான்கும் வேண்டாம் என்று அர்த்தம். தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பம், சிசிலிக்குப் போக ஆசை. ஹலால் பார்த்துச் சாப்பிட முடியுமா?
வாசகி, ஜோர்ஜ் டவுன், பினாங்கு

பதில்: சிசிலியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இருநூறு ஆண்டுக்கு மேல் அரபு ஆட்சி இருந்த தீவு அது, திராட்சை வற்றல் போட்ட மத்தி மீன் பாஸ்தாவிலும், பாதாம் இனிப்புகளிலும் அந்தச் சுவை இருக்கிறது. திராபனி ஊரில் மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் வீட்டுச் சாப்பாடு, அவசியம் சாப்பிடுங்கள். கடல் உணவு உங்களுக்குப் போதும் போதும் என்றாகும், ஆனால் லாலா, சிப்பி வகைகளை வதக்கும்போது வெள்ளை ஒயின் ஊற்றுவது அவர்கள் கைப்பழக்கம், அடுப்பில் ஏற்றும் முன்னாலேயே "சென்ஸா வீனோ", அதாவது ஒயின் இல்லாமல், என்று சொல்லிவிடுங்கள். இனிப்புகளில், திராமிசுவில் பல இடங்களில் மது சேர்ப்பார்கள், பன்னா கோத்தாவில் ஜெலட்டின் உண்டு. பயப்படாமல் சாப்பிடக்கூடியது கிரனீத்தா, எலுமிச்சையோ பாதாமோ உறைய வைத்துச் சுரண்டியது. காலைப் பசியாறலே அங்கே அதுதான், கூட ஒரு பன். பன்னில் மட்டும் என்ன கொழுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர் வீட்டில் தங்கப் போகிறோம். என்ன கொண்டு போவது, எப்படி நடந்துகொள்வது?
வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: முதலில் பெட்டி. மலேசியாவிலிருந்து இறைச்சியோ பால் பண்டமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகக் கூடாது, ரெண்டாங், பால்கோவா எல்லாம் விமான நிலையத்தோடு சரி. நான் கொண்டு போவது சரவாக் மிளகு. ரோமின் காச்சோ எ பேப்பே பாஸ்தாவில் சீஸும் மிளகும் தவிர வேறு சுவையே கிடையாது, அதைச் சமைக்கிற வீட்டில் நல்ல மிளகுக்கு உள்ள மரியாதையை நீங்களே பார்ப்பீர்கள். ஞாயிறு மதியம் கூப்பிட்டிருந்தால் போகிற வழியில் இனிப்புக் கடையில் ஒரு தட்டு சின்ன இனிப்புகள் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பூ வாங்கினால் சாமந்தி மட்டும் வேண்டாம், அது அங்கே கல்லறைக்கு வைப்பது.

பூலியாவின் பாரி நகருக்குப் பக்கத்தில் என் சிநேகிதியின் அம்மா ஒரெக்கியெத்தே பாஸ்தா செய்வதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மரப்பலகையில் சின்னச் சின்ன மாவுத்துண்டு, மழுங்கிய கத்தியால் ஒரு இழுப்பு, கட்டைவிரலில் ஒரு திருப்பு, குழியாக விழும், பேச்சு நிற்காமல் கை போய்க்கொண்டே இருக்கும். கீரையையும் பாஸ்தாவையும் ஒரே தண்ணீரில் வேகவைத்தார், கீரையின் கசப்பு மாவுக்குள் ஏற வேண்டுமாம். பூண்டும் நெத்திலியும் மிளகாயும் எண்ணெயில் கரைந்ததும் எல்லாம் ஒன்றாய்ப் புரட்டி நேரே தட்டுக்கு. அந்தப் பாஸ்தா ஆறக் கூடாது, அதனால் கூப்பிட்டவுடன் உட்காருங்கள், படம் பிடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் பெரியவர்கள் வரட்டும் என்று காத்திருப்போம், அங்கே காத்திருந்தால் சமைத்தவருக்குத்தான் வருத்தம்.

பாஸ்தா முதல் தட்டுதான், பின்னால் மீனோ கறியோ வரும், காய் வரும், பழம் வரும். முதல் தட்டிலேயே இரண்டாம் தடவை வாங்கிவிடாதீர்கள். போதும் என்றால் "பாஸ்தா (basta) கொசி, கிராத்சியே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், இது சாப்பிடுகிற பாஸ்தா இல்லை, 'இது போதும், நன்றி' என்று அர்த்தம்; இருந்தாலும் ஒரு கரண்டி கூடுதலாக விழத்தான் செய்யும். தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம், வீட்டில் அது சமைத்தவருக்குச் சந்தோஷம். மீன் பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பால் காப்பியும் கேட்காதீர்கள், செரிக்காது என்று உண்மையிலேயே கவலைப்படுவார்கள், சின்னக் கிண்ணத்தில் கறுப்புக் காப்பிதான்.

கேள்வி: என் கணவருக்குச் சோறும் சம்பாலும் இல்லாமல் ஒரு நாள் கூட நகராது. வழி சொல்லுங்கள்.
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: காரத்துக்குக் கலாப்ரியா மிளகாய், எண்ணெயில் ஊறியது, புட்டியில் கிடைக்கும். சோற்றுக்கு வடக்கே போ நதிச் சமவெளி, வெர்செல்லி, நொவாரா பக்கம் நெல் வயல் பார்க்கலாம். ஆனால் ரிசொத்தோ குழைந்துதான் வரும், உதிரிச் சோறு எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, அவருக்கு நேரத்தைச் சொல்லி வையுங்கள், மாமாக் கடை மாதிரி நினைத்த நேரத்தில் கிடைக்காது. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, இரவு ஏழரைக்கு மேல், நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். பில்லில் ஆளுக்கு ஓரிரு யூரோ தனியாகப் போட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது உட்கார்ந்ததற்கான கட்டணம், மெனுவிலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: போய்வர வசதியில்லை. கோலாலம்பூரிலேயே ஏதாவது ஒன்றை அங்கே செய்வது போல வீட்டில் செய்ய முடியுமா?
வாசகி, ரவாங்

பதில்: ஃபாரினாத்தா செய்யுங்கள், சகோதரி. மஸ்ஜித் இந்தியாவில் வாங்குகிற கடலை மாவு போதும். 250 கிராம் மாவில் 750 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, நாலைந்து மணி நேரம் மூடி வையுங்கள். நம் வெயிலுக்குப் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. மேலே நிற்கிற நுரையை எடுத்துவிட்டு, இரண்டு சிட்டிகை கூடவே உப்பு, அரை டம்ளர் ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கலக்கி, எண்ணெய் தடவிச் சூடாக்கிய அகலத் தட்டில் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். ஓவனை 250 டிகிரி வரை முன்னதாகவே சூடேற்றியிருக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மேலே பொன்னிறம் வரும், ஓரம் முறுகும், நடு மெத்தென்று இருக்கும். மிளகைத் தாராளமாகப் பொடித்துத் தூவி, கையில் பிடிக்க முடிகிற சூட்டிலேயே சாப்பிடுங்கள். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் போடத் தோன்றும், முதல் தடவை போடாமல் செய்து பாருங்கள்.